நினைவுக்குச் சான்று கேட்கும் நகரம்

ஜப்பானிய அறிவியல் புனைவு அனிமேக்களில் பல, நகரம் அழிந்த பிறகே தொடங்குகின்றன. கத்சுஹிரோ ஒட்டோமோவின் 'அகிரா' 1988 ஜூலை 16 அன்று திரைக்கு வந்தது. கதைக்குள் டோக்கியோ அழிவதும் அதே நாளில்தான். முப்பத்தோர் ஆண்டுகள் கழிந்து, 2019இல், விரிகுடாவை ஒட்டி எழுப்பப்பட்ட நியோ டோக்கியோவில் அடுத்த ஆண்டு ஒலிம்பிக்குக்கான அரங்கம் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. பழைய பேரழிவின் காரணம் அந்த அரங்கத்தின் அடியிலேயே உறைநிலையில் வைக்கப்பட்டிருக்கிறது.

இதற்கு ஆய்வுலகம் வழக்கமாகத் தரும் விளக்கம் வரலாறு சார்ந்தது. 1923இன் காண்டோ நிலநடுக்கம், 1945இன் தீக்குண்டு வீச்சு, ஹிரோஷிமா, நாகசாகி ஆகியவற்றின் நினைவே இப்படங்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது என்பர். சரியான விளக்கமே. ஆயினும் பழைய டோக்கியோவை இல்லாமலாக்கியதில் குண்டுக்குப் பங்கு பாதிதான். 1964 ஒலிம்பிக்கை ஒட்டி ஆறுகளுக்கும் கால்வாய்களுக்கும் மேலே விரைவுச்சாலைகள் எழுந்தன. 1980களில் நிலவிலை ஏறியபோது மரவீடுகள் நெருங்கிய பழைய தெருக்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. வரைபடம் தீட்டி, அனுமதி பெற்று, இழப்பீடு பேசி நடந்த இடிப்பு அது. அனிமேக்கள் இந்த இரண்டாவது இடிப்பையும் விடாமல் பதிவுசெய்து வந்திருக்கின்றன.

இவ்விரண்டாவது இடிப்பைக் குறித்து முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டிருக்கும் மாணவி ஒருவர் மும்பையின் தாராவியில் பிறந்தவர். அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து தோல் பதனிடும் பட்டறை வேலைக்கு வந்தவர். மாணவிக்கு ஜப்பானிய எதிர்காலம் முதலில் இந்தியில் அறிமுகமாயிற்று. 22ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் இயந்திரப் பூனையான டோரேமான் 2005 முதல் ஹங்காமா தொலைக்காட்சியில் இந்தி பேசியது. வீட்டில் தமிழ், பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும், எதிர்காலத்திலிருந்து வந்த பூனைக்கு மட்டும் இந்தி என்பது அவருக்கு அந்நாளில் இயல்பாகவே பட்டது.

அத்தொடரில் நோபிதாவும் நண்பர்களும் கூடும் வெற்றுமனை ஒன்று உண்டு. அங்கே மூன்று பெரிய கான்கிரீட் குழாய்கள் அடுக்கியிருக்கும். கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலையும் வீடு கட்டும் வேலையும் டோக்கியோவின் புறநகர்களில் விரைந்து நடந்த காலத்தின் அடையாளம் அது. நாளை அந்த மனையில் வீடு எழும். குழாய் மண்ணுக்குள் போகும். இன்று மட்டும் பிள்ளைகள் விளையாடலாம். தாராவியை ஒட்டிச் செல்லும் மாநகராட்சியின் பெருங்குடிநீர்க் குழாய்கள் மண்ணுக்குள் போகவில்லை. அவற்றின் மேல் ஏறி நடந்துதான் பலர் வேலைக்கும் பள்ளிக்கும் சென்றனர். காலடியில் இரவும் பகலும் நீர் ஓடியது. தெருக்குழாயில் சில மணிநேரமே வந்தது. ஜப்பானியக் குழந்தைக்குக் குழாய் என்பது வரப்போகும் வசதியின் முன்னறிவிப்பு. இங்கே அது பிறருக்குப் போய்க்கொண்டிருக்கும் வசதியின் முதுகு.

இளங்கலை படிக்க அவர் மாட்டுங்காவுக்குச் சென்றார். மத்திய ரயில்வேயின் தண்டவாளத்துக்கு மேற்கே தாராவி, கிழக்கே மாட்டுங்கா, நடந்தே போய்விடலாம். இரண்டு இடங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருப்பெற்றவை. 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. காற்றும் வெளிச்சமும் புகும் அகன்ற தெருக்களோடு தாதர், மாட்டுங்காப் பகுதிகளுக்கு அது திட்டம் வகுத்தது. அதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நகரத்துக்குள் இருக்க வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட தோல் தொழில் மாகிம் கழியோரச் சதுப்புக்கு வந்து சேர்ந்தது. திட்டமிட்ட தெருக்களுக்குத் தமிழ் பேசும் எழுத்தர்களும் ஆசிரியர்களும் வந்தார்கள். சதுப்புக்குத் தமிழ் பேசும் தோல் தொழிலாளர்கள் வந்தார்கள். ஒரு கொள்ளைநோய்க்குப் பின் நகரம் தன்னைத் திருத்தி எழுதிக்கொண்டபோது, ஒரே மொழிக்காரருக்கு இரண்டு எதிர்காலங்கள் கிடைத்தன. அவற்றைப் பிரித்தது ஒரு தண்டவாளம். அதற்கும் முன்னே சாதி.

மூன்றாவது எதிர்காலம் செம்பூருக்கு அப்பால் இருந்தது. டிராம்பேயில் 1956 ஆகஸ்டு 4 அன்று 'அப்சரா' அணு உலை இயங்கத் தொடங்கியது. ஆசியாவில் எழுந்த முதல் உலைகளில் ஒன்று அது. அதற்கு நான்காண்டு முன்னரே, 1952இல், ஒசாமு தெசூகா அணுவாற்றலில் இயங்கும் சிறுவன் ஒருவனைச் சித்திரக்கதையில் படைத்திருந்தார். அவன் பெயரே ஆட்டம். தங்கை பெயர் யுரான். 1963 ஜனவரி 1 அன்று அவன் தொலைக்காட்சிக்கு வந்தான். அணுகுண்டால் எரிந்த நாடும், அப்போதுதான் விடுதலை பெற்ற நாடும் ஒரே பத்தாண்டில் அணுவைக் குழந்தையின் முகத்தோடு கற்பனை செய்தன என்பது வியப்புக்குரியது. ஆய்வுக்காகச் செம்பூர்ப் பக்கம் போகத் தொடங்கிய மாணவி, அணுசக்தி நகரில் வளர்ந்த தமிழ்த் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது, அவள் கேட்டது வேறு: "உங்க பக்கத்துலேர்ந்து யாராவது அங்க வேலைக்கு வந்திருக்காங்களா?" அக்கேள்வி ஆய்வேட்டில் இடம்பெறவில்லை. குறிப்பேட்டில் இருக்கிறது.

அவருடைய ஆய்வின் நடுவில் நிற்பது மமோரு ஓஷீயின் 'பாட்லேபர்' (1989). கதை நிகழும் காலம் 1999. டோக்கியோ விரிகுடாவைத் தூர்த்து நிலமாக்கும் பெருந்திட்டத்தில் மாபெரும் இயந்திர மனிதர்கள் வேலை செய்கின்றனர். அவற்றின் இயக்கு மென்பொருளில் நஞ்சைக் கலந்துவிட்டு, அதை எழுதியவன் படத்தின் தொடக்கத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்கிறான். அவனைத் தேடும் துப்பறிவாளர்கள் அவன் குடியிருந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போகிறார்கள். எல்லாமே இடிபடக் காத்திருக்கும் பழைய வீடுகள். கால்வாயோரம், பாழடைந்த முற்றம், பின்னணியில் கண்ணாடிக் கோபுரம் என்று வெகுநேரம் எவரும் பேசாமல் படம் நகர்கிறது. இயந்திரச் சண்டைக்காக வந்த பார்வையாளர் அங்கே பொறுமை இழப்பதுண்டு. மாணவி அப்பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். துப்பறிவாளர் நடக்கும் சந்துகளின் அகலம் அவருக்குப் பழக்கமானது.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணிநேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நாளில் தென்மும்பையின் கொலாபாவில் நூறு மில்லிமீட்டர்கூடப் பெய்யவில்லை. கரைகளில் நிலம் தூர்க்கப்பட்டுக் குறுகிப்போன மித்தி ஆறு, கடல் ஏற்றத்தின்போது போக வழியின்றித் தாராவிப் பக்கம் புகுந்தது. மாணவிக்கு அப்போது ஆறு வயது. குடும்பம் முழுவதும் மேல்தளத்தில் இரவைக் கழித்தது. தரைத்தளத்தில் இருந்த தகரப்பெட்டி நீருக்குள் போயிற்று. தாத்தாவின் பழைய ரேஷன் அட்டை, பட்டறை தந்த சம்பளச் சீட்டுகள், வீட்டு மின்கட்டண ரசீதுகள் எல்லாம் அதில் இருந்தன. மறுநாள் வெயிலில் காயவைத்ததில் சில தாள்கள் பிழைத்தன, எழுத்துப் பிழைக்கவில்லை.

மகோதோ ஷின்காயின் 'வெதரிங் வித் யூ' 2019 அக்டோபரில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. இந்திய ரசிகர்கள் இணையத்தில் கையெழுத்து இயக்கம் நடத்திப் பெற்ற வெளியீடு அது. படத்தின் முடிவில் டோக்கியோவில் மூன்றாண்டுகளாக மழை ஓயாமல் பெய்கிறது. நகரத்தின் பெரும்பகுதி நீருக்கடியில். பழைய வீட்டை இழந்து அடுக்ககத்துக்குக் குடிபெயர்ந்த மூதாட்டி ஒருவர், அந்த இடம் முன்பு கடலாகத்தான் இருந்தது, பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவே என்று அமைதியாகச் சொல்கிறார். விமரிசகர்கள் பலரும் விவாதித்த இடம் அது: காலநிலை மாற்றத்தின் முன் இது முதிர்ச்சியா, கைவிடலா?

சில ஆண்டுகளுக்குப் பின் மாணவி அப்படத்தைக் கைப்பேசியில் தம் ஆச்சிக்குக் காட்டினார். உரையாடலை உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். ஆச்சி கடைசிவரை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏட்டி, அந்தக் கிழவிக்கு வேற வீடு யாரு குடுத்தா?"

"படத்துல சொல்லல ஆச்சி."

"அப்போ அவகிட்ட காயிதம் இருந்திருக்கு."

விமரிசகர்களின் விவாதம் தொடாத இடம் அது. நீரில் மூழ்கிய நகரத்தைப் பற்றி அமைதியாகப் பேச ஒருவரால் இயல்கிறது என்றால், அவர் இப்போது எங்கே அமர்ந்து பேசுகிறார் என்பதையும் கேட்டாக வேண்டும். தாராவியும் ஒருகாலத்தில் கோலி மீனவர்களின் ஊரும் சதுப்புமே. "பழையபடி ஆகட்டும்" என்று இங்கே சொல்வதற்கு, இழந்த வீட்டுக்கு ஈடாக இன்னொரு வீடு வேண்டும்.

காகிதம் இன்று தாராவியின் முதன்மையான சொல். மறுசீரமைப்புத் திட்டத்தின் விதிப்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை மெய்ப்பிப்போருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு விலையின்றிக் கிடைக்கும். அதற்குப் பின் 2011 தொடக்கம் வரை வந்தோருக்கும், மேல்தளங்களில் குடியிருப்போருக்கும் தாராவிக்கு வெளியே, பணம் கட்டிப் பெறும் வேறு ஏற்பாடு. மாணவியின் குடும்பத்தில் தரைத்தளம் பெரியப்பாவின் பங்கு. மேல்தளம் அப்பாவின் பங்கு. வெள்ளத்தன்று எல்லோரையும் காத்த மேல்தளம் விதியின் பார்வையில் பின்வரிசை. ஒரே ஏணியால் இணைந்த இரு வீடுகளில் ஒன்று தங்கலாம். மற்றது போக வேண்டும். தங்குவதற்கும் பெரியப்பாவிடம் உள்ளவை எழுத்தழிந்த தாள்கள். ஆச்சி எந்த வீட்டில் இருப்பார் என்பதை வீட்டில் எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

ஓஷீயின் இன்னொரு படமான 'கோஸ்ட் இன் தி ஷெல்' (1995) பற்றிய இயலை மாணவி இதன் பிறகு முழுவதுமாகத் திருத்தி எழுதினார். அதில் குப்பை வண்டி ஓட்டும் தொழிலாளி ஒருவன் வருகிறான். மனைவி பிரிந்துபோனதாகவும் மகளைக் காண இயலவில்லை என்றும் வருந்துகிறான். காவல்துறை அவனைப் பிடித்து உண்மையைச் சொல்கிறது: மனைவியும் இல்லை, மகளும் இல்லை, அந்நினைவுகள் வெளியிலிருந்து அவன் மூளையில் புகுத்தப்பட்டவை. மகளின் படம் என்று அவன் பிறரிடம் காட்டிவந்த நிழற்படத்தில் அவனும் ஒரு நாயும் மட்டுமே இருக்கிறார்கள். ஆய்வாளர்கள் இக்காட்சியை மனித அடையாளத்தின் நிலையாமைக்குச் சான்றாக எடுத்தாள்வர். மாணவியின் வாசிப்பு வேறு திசையில் செல்கிறது. நினைவுக்கும் ஆவணத்துக்கும் முரண் எழும்போது எதை நம்புவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே அக்காட்சியின் உள்ளுறை என்கிறார். அத்தொழிலாளியின் நினைவு பொய். ஆவணம் அதைக் காட்டிக்கொடுத்தது. தாராவியில் நினைவு மெய். அதைத் தாங்கிய ஆவணம் ஆற்றோடு போயிற்று. விசாரணை அறையில் இருவர் நிலையும் ஒன்றுதான்.

ஆய்வரங்கு ஒன்றில் அவர் இதைப் படித்தபோது, தாராவியே ஒரு சைபர்பங்க் நகரம்தானே என்று மூத்த அறிஞர் ஒருவர் பாராட்டும் குரலில் குறிப்பிட்டார். நெரிசல், கம்பிகள், நீர்க்குழாய்கள், ஒளிரும் கைப்பேசித் திரைகள் என்று அடுக்கினார். மாணவி மறுத்தார். சைபர்பங்க் என்பது வெளியிலிருந்து காண்பவர் தரும் பெயர் என்றும், உள்ளே இருப்பவருக்கு அது நாளைக் காலைத் தண்ணீர் வரும் நேரம் என்றும் விடையளித்தார். அதே சமயம், இடிப்பை எதிர்ப்பது ஒன்றே அறம் என்று எதிர்பார்த்து அங்கே வந்திருந்தோரும் நிறைவடையவில்லை. தம் ஆச்சிக்கு வீட்டுக்குள் கழிப்பறை வேண்டும், அதை ஏக்கமின்றித் தம்மால் எழுத இயலாது என்றும் அவர் சொன்னார். பழைய வீடுகளைக் கண்டு ஓஷீயின் ஒளிப்படக்கோணம் கொள்ளும் துயரத்தில், அவ்வீடுகளில் இரவில் பொதுக் கழிப்பறைக்கு நடந்த பெண்களின் துயரம் இல்லை. அப்படங்களின் குறை இது என்று ஆய்வேடு சொல்கிறது.

2024 மார்ச்சில் கணக்கெடுப்புத் தொடங்கியது. வீட்டுக்கு வீடு எண் இட்டனர். டிரோன்களும் லைடார் கருவிகளும் தாராவியை அளந்து, அதன் கணினி வடிவிலான இரட்டையை உருவாக்கின. ஓர் அனிமே இயக்குநர் இதைக் கற்பனை செய்திருந்தால் எவரும் நம்பியிருப்பர்: இடிக்கப்படவுள்ள நகரம், இடிபடுமுன் ஒளிக்கதிரால் முழுமையாகப் படியெடுக்கப்படுகிறது. அந்தப் படியில் சுவரின் தடிமன் இருக்கும், ஏணியின் சாய்வு இருக்கும், கூரைத் தகரத்தின் வளைவும் இருக்கும். யார் எப்போது வந்தார் என்பது இராது. அதற்குத் தனியே காகிதம் கேட்பார்கள்.

மாணவி இப்போது ஆய்வேட்டின் இறுதி இயலை ஒதுக்கிவைத்திருக்கிறார். கிடைத்த ஓய்வில் ஆச்சியின் வாய்மொழியைப் பதிவுசெய்து வருகிறார்: எந்த ஆண்டு எந்தப் பட்டறை, பக்கத்து வீட்டில் யார், ஏணி எப்போது மரத்திலிருந்து இரும்புக்கு மாறியது, மேல்தளத்துக்குச் செங்கல் எங்கிருந்து வந்தது. இவை தகுதிச் சான்றாக ஏற்கப்படும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. ஆயினும் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாளையும் இடத்தையும் அவர் தவறாமல் சொல்லவைக்கிறார். ஆச்சி இடத்தைச் சொல்லும்போது வீட்டு எண்ணைச் சொல்வதில்லை. "நம்ம வீட்டு மேல்படியில" என்கிறார்.