வழியில் வரும் வக்து

எங்கள் உறவினர் வட்டத்தில் இப்போதெல்லாம் தம்பதியராகத் தீவு நாடுகளைச் சுற்றி வருவது வழக்கமாகிவிட்டது. இலங்கையில் வாடகைக் கார் எடுத்துக் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு மலைப்பாதையில் ஏறியவர்கள் இருக்கிறார்கள். மாலத்தீவுக்குச் சென்று வந்தவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்ததோ தை மாதத்தில் ஒரு நாள் விடுப்பும் பழைய கார் ஒன்றும். பிள்ளைகள் வெளியூர்களில் படிக்கிறார்கள். மணமான நாள் முதல், இருவர் மட்டும் ஒரு முழு நாளைச் சாலையில் கழித்ததில்லை. ஆகவே செங்கல்பட்டிலிருந்து முப்பது கிலோமீட்டரில் இருக்கும் எங்கள் சொந்தக் கடற்கரைக்கே போய்வருவதென்று முடிவு செய்தோம்.

புறப்படுமுன் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது தொழுகையைப் பற்றித்தான். எங்களில் ஒருவர் ஹனஃபி குடும்பத்தில் பிறந்தவர், மற்றவர் ஷாஃபிஈ. அஸர் எப்போது தொடங்குகிறது என்பதிலேயே எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேர வேறுபாடு உண்டு. காரில் தண்ணீர்ப் புட்டியை நீட்டும்போது விரல் பட்டால் ஒருவருக்கு ஒளு நீடிக்கும், மற்றவருக்கு முறிந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இருவர் செய்யும் பயணத்திலும் எவ்வளவு கவனம் வேண்டுமென்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றில் இரு மத்ஹபுகளும் எங்களுக்கு ஒரே விடையைத் தந்தன. கஸ்ருக்கு அறிஞர்கள் வகுத்த தொலைவு எண்பது கிலோமீட்டரை ஒட்டியது. நாங்கள் போகவிருந்த கடைசி இடம்கூட வீட்டிலிருந்து அதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சுருக்கித் தொழவும் முடியாது, இரண்டைச் சேர்த்துத் தொழவும் முடியாது. ளுஹர், அஸர், மஃரிப் மூன்றையும் வழியில், அந்தந்த வக்தில், முழுமையாகத் தொழ வேண்டும். தொலைதூரப் பயணிக்கு உள்ள சலுகை அண்டை ஊருக்குச் செல்பவருக்கு இல்லை. அதனாலேயே அவருக்குத் தொழுமிடம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். கொளவாய் ஏரியின் மேல் பனி படிந்திருந்தது. அதை ஒட்டிச் செல்லும் புறநகர் மின்ரயிலில் எத்தனையோ ஆண்டுகள் வேலைக்குப் போய் வந்தும், ஏரியை நின்று பார்த்தது அன்றுதான். திருக்கழுக்குன்றத்தைக் கடக்கையில் மலையின் உச்சியில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நாள்தோறும் அங்கே உணவுக்கு வந்துபோன கழுகுகள் வராமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன என்று பூக்கடைக்காரர் ஒருவர் சொன்னார்.

மாமல்லபுரத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. பல்லவர் ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளில் குடைந்தும் செதுக்கியும் வைத்துச் சென்ற கற்கள். 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பெரும்பாறைச் சிற்பத்தின் முன் நாங்கள் அதிக நேரம் நின்றது யானைகளுக்காக அல்ல, கீழே இரண்டு கால்களில் நின்று தவம் செய்வதுபோல் பாவனை காட்டும் பூனைக்காக. அதன் காலடியில் எலிகள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்பி போலிப் பக்தியைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கச் சொல்லும் வேத வசனங்கள் நினைவுக்கு வரத் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

அங்கிருந்து வடக்கே திரும்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் நோக்கிச் சென்றோம். ளுஹர் பாங்கு ஒலித்தபோது சாலையோர ஊர் ஒன்றில் இருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். பள்ளிவாசல் அழகானது, அண்மையில் வண்ணம் பூசப்பட்டது, ஹவுளில் தெளிந்த நீர். எங்களில் ஒருவர் ஒளுச் செய்து உள்ளே போனார். மற்றவர் காரிலேயே அமர்ந்திருந்தார்.

இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு அந்த இருக்கை நன்றாகத் தெரியும். கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே நடக்கும் தொழுகையின் ரகஅத்துகளை வெளியிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கும் இருக்கை அது. வீடு திரும்பிக் களாச் செய்யலாமென்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்ளும் இடமும் அதுவே. நிற்க வலிமை உள்ளவர் பர்ளை அமர்ந்து தொழுவது கூடாது என்பதால், காரிலேயே தொழுதுவிடுவதும் தீர்வாகாது.

வாயிலருகே நின்ற பெரியவர் ஒருவர் காரைக் கவனித்து வந்தார். ஸலாம் சொல்லிவிட்டுத் தயங்கினார். "பொம்பளைங்க தொழ இங்க இடமில்லையேம்மா… வாங்க, நம்ம வீட்டுக்குப் போவோம். பின்னாடித் தெருதான்" என்றார். தம் தொழுகையைப் பின்னுக்குத் தள்ளி, முன்னே நடந்து வழிகாட்டி, மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு ஜமாஅத்துக்கு விரைந்தார். அந்த அம்மையார் முஸல்லா விரித்தார்; கிப்லா பக்கம் சுட்டினார்; தொழுது முடித்ததும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். மீன் குழம்பும் சோறும் இருவருக்கும் கிடைத்தன. விருந்தோம்பலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அல்லாஹ் அந்த வீட்டுக்குப் பரக்கத் செய்வானாக.

பாத்திரம் எடுத்து வைக்கையில் அம்மையார் பேச்சுவாக்கில் சொன்னார்: "நிக்காஹ் ஆகி இந்தத் தெருவுக்கு வந்து முப்பத்திரண்டு வருஷம். அஞ்சு வேளையும் பாங்குச் சத்தம் காதுல விழுது. உள்ள எப்படி இருக்கும்னு நான் பாத்ததில்ல." அதில் வருத்தமோ புகாரோ இல்லை. மழை பெய்தது என்பதுபோல் சொன்னார்.

கோவளம் வரை நாங்கள் அதிகம் பேசவில்லை.

கோவளத்தில் ஆற்காட்டு நவாப் காலத்துக் கோட்டையொன்று இருந்தது; சாதத் பந்தர் என்று அதற்குப் பெயர். 1752இல் இராபர்ட் கிளைவ் இந்தக் கோட்டையையும் அதே ஆண்டில் எங்கள் செங்கல்பட்டுக் கோட்டையையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினார். கோவளக் கோட்டை தகர்க்கப்பட்டது; அது நின்ற கடற்கரையில் இன்று நட்சத்திர விடுதி. மணலுக்கு 2021இல் நீலக்கொடித் தரச்சான்று கிடைத்திருக்கிறது. கரை தூய்மையாகத்தான் இருக்கிறது. அலைச்சறுக்கு பழகும் இளைஞர்கள், வலை உலர்த்தும் மீனவர்கள், தேவாலயம், தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பும் தர்கா ஆகிய அனைத்தும் ஒரு பார்வைக்குள் அடங்கிவிடுகின்றன.

தர்காக்கள் குறித்து நம்மவரிடையே உள்ள கருத்து வேற்றுமைக்குள் இங்கே நுழையவில்லை. கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறோம். அங்கே பெண்கள் கூட்டங்கூட்டமாக வந்திருந்தார்கள். சிலர் சுவரோரம் அமர்ந்து குழந்தைக்குச் சோறூட்டினார்கள். சிலர் கண்மூடி துஆக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தர்காவுக்குப் போகும் பெண்களைக் கடிந்து பேசும் உரைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அவர்கள் அல்லாஹ்வின் இல்லத்தில் உட்காரப் போகுமிடம் எது என்று அந்த உரைகளில் சொல்லக் கேட்டதில்லை.

பிற்பகலில் தெற்கே திரும்பிச் சதுரங்கப்பட்டினம் சேர்ந்தோம். டச்சுக்காரர் பதினேழாம் நூற்றாண்டில் கால்வைத்த இடம். இந்தக் கரையின் நெசவாளர்கள் நெய்த மெல்லிய துணிக்காக வந்தார்கள். செங்கல் மதில், சரக்கறைகள், உள்ளே ஒரு சிறு கல்லறைத் தோட்டம். கிடைமட்டமாகப் பதித்த கற்பலகைகளில் டச்சு எழுத்துகள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. எங்கிருந்தோ வந்து இந்த வெயிலில் மாண்டவர்கள். 1782 பிப்ரவரி 17 அன்று இதே கடலில் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலக் கப்பற்படையும் மோதிக்கொண்டன. இன்று மதிலுக்கு அருகே கல்பாக்கம் அணுமின் நிலையம். கல்லறைகளருகே நின்று எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்றபோது எங்களுக்குள் நெடுநாளாகப் பேசாதிருந்த ஒன்றைப் பற்றியும் பேச்சு வந்தது: நம்மில் யார் முந்துவோம், மற்றவர் எந்தப் பிள்ளையிடம் இருப்பது என்பது. வீட்டுக் கூடத்தில் வராத பேச்சு அது.

அஸருக்கு ஹனஃபி வக்து வரை காத்திருந்தோம். அப்போது இருவருக்கும் ஐயமில்லை. சாலையோரச் சவுக்குத் தோப்பொன்றில் பாய் விரித்தோம். இரண்டு லிட்டர் தண்ணீர் இருவரின் ஒளுவுக்கும் போதுமானதாக இருந்தது. எங்களில் ஒருவர் முன்னும் மற்றவர் பின்னுமாக நின்று ஜமாஅத்தாகத் தொழுதோம். சவுக்கு ஊசிகளின் மேல் ஸுஜூது செய்யும்போது நெற்றியில் மெத்தென்றிருந்தது. ஆடு மேய்த்த சிறுவன் ஒருவன் சற்றுத் தள்ளி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான்.

பூமி முழுவதும் தொழுமிடமாக்கப்பட்டிருக்கும்போது தனி அறை எதற்கு என்று கேட்கலாம். பகலில், மழையில்லாத தை மாதத்தில், துணைக்கு ஒருவர் இருக்கையில் தோப்பு போதும். இருட்டிய பிறகு? ஐப்பசி மழையில்? மகளும் தாயும் மட்டும் வரும் பயணத்தில்? கழிப்பறைக்கு? மணல் தூய்மையாக இருந்தாலும் அந்தக் கேள்விகள் தீர்வதில்லை.

தொழுத பாயிலேயே அமர்ந்து, ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்துமாலை தொலைந்த நிகழ்ச்சியை நினைவுகூர்ந்தோம். அதுவும் ஒரு தம்பதியர் பயணந்தான். தண்ணீரில்லாத வெளியில், ஒரு மனைவியின் மாலையைத் தேடுவதற்காக நபி (ஸல்) அவர்கள் ஒரு முழுப் பயணக் கூட்டத்தையும் நிறுத்தினார்கள். மக்கள் முணுமுணுத்தார்கள்; தந்தையான அபூபக்ர் (ரலி) அவர்களே மகளைக் கடிந்தார்கள். நபியவர்களோ மனைவியின் மடியில் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். விடிந்தபோது தயம்முமின் வசனம் இறங்கியிருந்தது. மாலை, ஒட்டகம் எழுந்ததும் அதன் அடியில் கிடைத்தது. ஒரு பெண்ணின் பொருட்டு நின்ற பயணத்தில்தான் உம்மத்துக்கே இந்த எளிமை கிடைத்தது. இன்னொரு பயணத்தில் நபியவர்கள் அதே மனைவியோடு ஓட்டப்பந்தயம் ஓடியதும், முதலில் தோற்று, பின்னொரு நாள் வென்றதும் நாம் அறிந்தவையே.

பெண்ணுக்கு வீட்டில் தொழுவதே சிறந்தது என்ற அறிவிப்பை நாங்கள் மறுக்கவில்லை. பிற்கால ஹனஃபி அறிஞர்கள் காலத்தின் சீர்கேட்டைக் கருதிச் சொன்னவற்றையும் அறிவோம். ஆனால் சிறந்ததான அந்த வீடு அப்போது நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் பூட்டிக் கிடந்தது. பள்ளிக்கு வரும் பெண்களைத் தடுக்க வேண்டாமென்ற நபிமொழியும் நம்மிடம் இருக்கிறது. பின்வரிசையில் அழும் குழந்தையின் குரல் கேட்டு, தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிய இமாமின் உம்மத்து நாம். சிங்கப்பூர், மலேசியா சென்ற நம் ஊர்க்காரர்கள் அங்கே பெண்களுக்குத் தனிப்பகுதி இருப்பதை இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள். மலேசிய நெடுஞ்சாலை ஓய்விடங்களில்கூடச் சிறு தொழுமிடம் உண்டு. அதே மனிதர்கள் ஊர் திரும்பிப் பள்ளிக்கு நன்கொடை தரும்போது, பளிங்குத் தரைக்கும் குளிர்சாதனத்துக்கும் தருகிறார்கள். ஒரு தடுப்புச் சுவருக்குத் தரலாமென்று அவர்களுக்குத் தோன்றாதது ஏனென்று எங்களுக்கு விளங்கவில்லை. எல்லாப் பெண்களும் ஐவேளையும் பள்ளிக்கு வரட்டுமென்ற வாதம்கூட அல்ல இது. வழிப்போக்கர் ஒருவர் பத்து நிமிடம் நிற்க ஓர் இடம், அவ்வளவே.

திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பும்போது மஃரிப் வந்துவிட்டது. அதன் வக்து குறுகியது; வீடு சேர்வோமா என்ற ஐயம் இருந்தது. ஒரு சிற்றூர்ப் பள்ளியின் முன் நிறுத்தினோம். ஓட்டுக் கூரை, காரை பெயர்ந்த சுவர். எங்களில் ஒருவர் இறங்கி மோதினாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் பதில் சொல்லாமல் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுச் சந்துக்கு நடந்தார். பின்புறம் தனிக் கதவு. உள்ளே பத்தடிக்கு எட்டடி இருக்கும். ஒரு குழாய், ஒரு கழிப்பறை, கொடியில் துவைத்துப் போட்ட வெள்ளைத் தொழுகை அங்கிகள் இரண்டு, இமாமின் குரல் கேட்க ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி. முன்பு பழைய சாமான்கள் போட்டு வைத்திருந்த அறையாம். பேருந்துக்குக் காத்திருக்கும் கல்லூரி மாணவிகளுக்காக இமாம் ஒழித்துக் கொடுக்கச் சொன்னாராம்.

அன்றைய நாளில் முதன்முறையாகக் காரில் யாரும் காத்திருக்கவில்லை. ஒரே இமாமுக்குப் பின்னால், ஒரு சுவருக்கு இருபுறமும், இருவரும் ஆமீன் சொன்னோம்.

வீட்டுக்கு வந்து இஷாத் தொழுத பின், பயணக் கணக்கு எழுதும் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்கினோம். பெண்கள் தொழ இடமுள்ள பள்ளிகள், சாலை வாரியாக, கதவு எந்தப் பக்கம், சாவி யாரிடம் என்ற விவரங்களோடு. அடுத்த முறை செய்யூர் வழியாக ஆலம்பரைக் கோட்டை வரை போவதாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். இப்போதைக்கு அந்தப் பக்கத்தில் ஓர் ஊர்தான் இருக்கிறது. அதன் கீழே, பள்ளி என்று குறிக்காமல், அந்தப் பெரியவரின் தெருவையும் எழுதி வைத்திருக்கிறோம்.