வீடு காலியாக இருக்கும்போதே

"உனக்கு வீடு தர மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்கிற வீட்டுக்காரர் நியூயார்க்கில் அபூர்வம். அப்படி ஒருவர் அகப்பட்டால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். வழக்கமாக வருகிற பதில்கள் வேறு ரகம். "இப்போதுதான் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்." "ஓனரிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன்." "இந்த ஏரியா உங்களுக்கு ஒத்துவருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்." கூடவே ஒரு 'சாரி' இருக்கும், சில சமயம் வாழ்த்தும் இருக்கும். நியூயார்க் நகர மனித உரிமை ஆணையத்தில் முதலில் புகார் எழுதி வாங்கும் மேசையிலும், பிறகு வீட்டு வழக்குகளிலும் வேலை பார்த்தவள் என்ற முறையில் நான் அதிகம் கேட்டது இந்தப் பேச்சைத்தான். மரியாதையான மறுப்பைச் சாட்சியமாக மாற்றத் தெரிந்தால் இந்த வேலை தெரியும் என்று அர்த்தம்.

ஆணையத்தின் சட்டம் நீளமானது. வேலை, வீடு, கடை கண்ணி, ஓட்டல், மருத்துவமனை எல்லாவற்றையும் தொடுகிறது. இனம், மதம், பிறந்த நாடு, வயது, பாலினம், உடற்குறை என்று தொடங்கும் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது. கறுப்பினத்தவரின் சடையையும் அஃப்ரோ சிகையையும் காரணம் காட்டி ஒதுக்குவது இனப் பாகுபாடே என்று 2019இல் ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2023 நவம்பரிலிருந்து உயரமும் உடல் எடையும்கூடப் பட்டியலில் உண்டு. இதையெல்லாம் எழுதப் புகுந்தால் கையேடாகிவிடும். எனக்குத் தெரிந்த மூலை வாடகை வீடு. அதிலும், வாடகைப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து ஆளை ஒதுக்குவது. 2008 முதல் இந்நகரில் அது சட்டவிரோதம்.

இங்கே ஏழைக் குடும்பங்களுக்கு வவுச்சர் என்று ஒன்று உண்டு. மத்திய அரசு தருவது செக்‌ஷன் 8, நகரம் தருவது சிட்டிஃபெப்ஸ். ஏறக்குறைய வருமானத்தில் 30 சதவீதத்தைக் குடும்பம் வாடகையாகக் கட்டும். மீதியை அரசு வீட்டுக்காரர் கணக்கில் போடும். வேலை போனாலும் அரசுப் பங்கு நிற்காது. கணக்குப் பார்க்கத் தெரிந்த வீட்டுக்காரர் இப்படிப்பட்ட வாடகைதாரரைத் தேடிப் பிடிக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு. விளம்பரத்திலேயே 'நோ புரோகிராம்ஸ்' என்று போடுவார்கள். சட்டம் தெரிந்த புரோக்கர் அப்படிப் போட மாட்டார். 'வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும்' என்று எழுதுவார். அதைவிடக் கெட்டிக்காரர் ஒன்றும் எழுதாமல் நாற்பது மடங்கைக் கேட்பார்.

நாற்பது மடங்கு என்பது இந்த ஊர் வழக்கம். மாத வாடகையைப் போல நாற்பது மடங்கு ஆண்டு வருமானம் இருந்தால்தான் விண்ணப்பத்தையே பார்ப்பார்கள். வாடகை 2,000 டாலர் என்றால் 80,000 டாலர் சம்பளம் காட்ட வேண்டும். வவுச்சர் வைத்திருக்கும் ஒருவருக்கு அவ்வளவு சம்பளம் இருந்தால் அவருக்கு எதற்கு வவுச்சர்? ஆண்டுக்கு 16,000 டாலர் வருமானமுள்ள அம்மாளை எடுத்துக்கொள்வோம். அவர் கையிலிருந்து தர வேண்டியது மாதம் 400 டாலர்தான். அந்த நானூறை நாற்பதால் பெருக்கிப் பாருங்கள்: சரியாக 16,000. இதில் மாயம் ஒன்றும் இல்லை. வருமானத்தில் முப்பது சதவீதம் வாடகைக்கு என்று வைத்து, பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் வந்து நிற்பது நாற்பதுதான். அரசின் சூத்திரமும் வீட்டுக்காரர்களின் சூத்திரமும் ஒன்றே. வவுச்சர்காரர் தன் பங்குக்குப் பிறவியிலேயே தேறியவர். முழு வாடகைக்கும் சேர்த்து வருமானம் கேட்பதைப் பாகுபாடாகவே ஆணையம் எடுத்துக்கொள்கிறது. இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினாலே பல புரோக்கர்கள் வாயடைத்துப்போவார்கள். நீண்ட சட்ட விளக்கத்துக்கு அந்தப் பலன் கிடையாது.

கணக்குக் கேட்காமல் 'வீடு போய்விட்டது' என்று மட்டும் சொல்பவரை என்ன செய்வது? அங்கேதான் சோதனை அழைப்பு வருகிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் பேச வேண்டும். வயது, குரல், ஆங்கில உச்சரிப்பு, பேசும் தோரணை எல்லாம் முடிந்தவரை ஒத்திருக்க வேண்டும். ஒருவர் வவுச்சர் என்பார், மற்றவர் சம்பளம் என்பார், வித்தியாசம் அவ்வளவுதான். வவுச்சர்காரர்தான் முதலில் கூப்பிட வேண்டும். மாற்றிச் செய்தால், "முதல் ஆளுக்குப் பிறகு வீடு போய்விட்டது" என்று வீட்டுக்காரர் தப்பிவிடுவார். காலை பத்து மணிக்கு 'இல்லை' என்றவர், பதினொன்றரைக்கு 'எப்போது பார்க்க வருகிறீர்கள்?' என்று கேட்டால் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளக் கூடாது. போனை வைத்த கையோடு எழுதிவிட வேண்டும். எழுதுவதிலும் பயிற்சி உண்டு. 'கடுமையாகப் பேசினார்' என்று எழுதினால் அது குப்பை. 'வவுச்சர் என்றதும் நிறுத்தினார், ஹலோ என்றேன், பிறகு ஓனர் ஊரில் இல்லை என்றார்' என்று எழுத வேண்டும். நியூயார்க்கில் பேசுகிறவர்களில் ஒருவர் சம்மதித்தாலே உரையாடலைப் பதிவு செய்யலாம் என்பது எங்களுக்குப் பெரிய வசதி.

வீடு தேடாதவர் வீடு கேட்டுப் பேசுவது ஏமாற்று வேலை இல்லையா என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982லேயே ஹேவன்ஸ் ரியால்டி வழக்கில் பதில் சொல்லிவிட்டது. பொய்த் தகவல் தரப்பட்ட சோதனையாளருக்கே வழக்குப் போடும் உரிமை உண்டு என்றது அந்தத் தீர்ப்பு. உண்மையான தகவல் யார் கேட்டாலும் தரப்பட வேண்டும். குடியேறும் எண்ணம் இருக்கிறதா என்பது வீட்டுக்காரர் பொய் சொன்னதை அழித்துவிடாது.

இத்தனையும் சாமர்த்தியமாகச் செய்து முடித்தாலும் ஒரு சங்கடம் மிஞ்சும். வழக்கு ஜெயிக்கும், வீடு கிடைக்காது. முறைப்படி புகார் பதிவாகி, எதிர்த்தரப்பு பதில் தந்து, விசாரணை நடந்து, பாகுபாடு நடந்ததாக நம்ப முகாந்திரம் உண்டென்று முடிவாகி, நகர நிர்வாகத் தீர்ப்பாயத்தின் நீதிபதி முன் போய், அவர் பரிந்துரை எழுதி, ஆணையர் உத்தரவு போடுவதற்குள் அந்த வீட்டில் வேறு குடும்பம் குடியேறிப் பிள்ளை பெற்றிருக்கும். அபராதம் நகரக் கருவூலத்துக்குப் போகும். புகார் கொடுத்தவருக்கு இழப்பீடு தனியாகக் கிடைக்கலாம். ஆனால் அவர் கையிலிருந்த வவுச்சருக்கும் கெடு உண்டே. சில மாதங்களுக்குள் வீடு பிடிக்காவிட்டால் நீட்டிப்புக் கேட்டு அலைய வேண்டும். அதனால் வீட்டு வழக்கில் நான் மதிக்கிற வேலை, வழக்காவதற்கு முன்பு செய்யும் தொலைபேசி அழைப்பு. வீடு இன்னும் காலியாக இருக்கும்போதே வீட்டுக்காரரைப் பிடித்துவிட வேண்டும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். குவீன்ஸில் உறவினர் வீட்டுக் கூடத்தில் படுத்துறங்கிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து அம்மா. நகரம் தன் படிவங்களை மொழிபெயர்க்கும் பத்து மொழிகளில் வங்காளமும் உருதுவும் உண்டு, தமிழ் இல்லை. அதனால் தமிழ்க் குரல் கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். புகார் என்று எதையும் சொல்லத்தான் மனமில்லை.

"பிள்ளை, அவன் நல்ல மனிசன். இல்லையெண்டு சொல்லேல்லை. யோசிச்சுச் சொல்லுறன் எண்டுதான் சொன்னவன்."

"எப்ப சொன்னவர் அம்மா?"

"அது ரெண்டு கிழமையாச்சு."

"வவுச்சர் இருக்கெண்டு சொல்ல முந்தியோ, சொன்ன பிறகோ?"

கொஞ்சம் யோசித்தார். அதற்கு முதல் நாள்தான் அந்த மனிதர் சாவியை எடுத்து வந்து சமையலறையை எல்லாம் திறந்து காட்டியிருக்கிறார். வவுச்சர் பற்றி அம்மாவின் மருமகன் வாட்ஸ்அப்பில் எழுதியது அன்று இரவு. மறுநாள் புரோக்கரிடமிருந்து நாற்பது மடங்கு வருமானம் கேட்டு ஒரு வரி. மருமகன் அதை அழிக்காமல் வைத்திருந்தார். எங்களுக்கு அது போதும்.

புரோக்கரிடம் பேசும்போது நான் முதலில் கேட்பது வீடு இன்னும் காலியா என்பதைத்தான். சட்டப் பேச்சு அதற்குப் பிறகு. 'காலி' என்று அவர் வாயால் வந்துவிட்டால் பாதி தூரம் கடந்தாயிற்று. பிறகு நான் யார், எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்வேன். குற்றம் சாட்ட மாட்டேன். "நான் மறுக்கவே இல்லையே, வருமானம்தானே கேட்டேன்" என்றார் அவர். எந்த வாடகைக்கு நாற்பது மடங்கு, அந்த அம்மா தரப்போகும் பங்குக்கா, மொத்தத்துக்கா என்று கேட்டேன். ஓனரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று வைத்தார். எங்கள் கடிதம் அன்று மாலையே மின்னஞ்சலில் போனது, பதிலுக்குத் தேதி குறித்து. அந்தத் தேதிக்கு முன்பே விண்ணப்பப் படிவம் வந்தது. அபராதம் இல்லை, செய்தி அறிக்கை இல்லை, ஆணையத்தின் வெற்றிப் பட்டியலில் பெரிதாகத் தெரியப்போவதும் இல்லை. அம்மாவுக்கு வீடு கிடைத்தது.

இப்படி ஒரு போனுக்கு ஏன் மதிப்பு என்றால், பின்னால் நிற்கிற அதிகாரம். அது சும்மா வந்ததல்ல. 1943 ஆகஸ்டில் ஹார்லெமில் வெள்ளைக்காரப் போலீஸ்காரர் ஒருவர் கறுப்பினப் படைவீரரைச் சுட்டார். வீரர் பிழைத்துக்கொண்டார், ஆனால் இறந்துவிட்டதாகச் செய்தி பரவிக் கலவரம் மூண்டு ஆறு பேர் செத்தார்கள். மறு ஆண்டு மேயர் லகார்டியா ஒற்றுமைக் குழு ஒன்றை அமைத்தார். கூடிப் பேசலாம், அறிக்கை எழுதலாம். அதற்கு மேல் அதற்குக் கையுமில்லை காலுமில்லை. 1955இல் அது நிரந்தர ஆணையமானது. 1957இல் தனியார் வாடகை வீட்டில் இன, மதப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை நகரம் இயற்றியது. அமெரிக்காவிலேயே அப்படியொரு சட்டம் அதுதான் முதல். தானே விசாரித்து வழக்கு நடத்தும் அதிகாரம் 1965இல்தான் கிடைத்தது. இன்று அபராத உச்சவரம்பு 1,25,000 டாலர், வேண்டுமென்றே செய்தது என்றால் 2,50,000. ஒற்றுமைக் குழுவிலிருந்து யாராவது போன் செய்திருந்தால் அந்தப் புரோக்கர் எடுத்திருக்கவே மாட்டார்.

பெரிய நிறுவனங்களிடம் போன் போதாது. அங்கே ஒரு வீட்டைக் கேட்டு வாங்குவதைவிடக் கொள்கையையே மாற்ற வேண்டும். 2024இல் பிராங்க்ஸிலுள்ள ஒரு பெரிய குடியிருப்பு நிர்வாகத்துடன் ஆணையம் செய்துகொண்ட உடன்பாட்டில் 10 லட்சம் டாலர் அபராதமும், வவுச்சர் குடும்பங்களுக்கென 850 வீடுகளை ஒதுக்கும் நிபந்தனையும் இருந்தன. எல்லோரும் பேசியது பத்து லட்சத்தைப் பற்றி. எனக்கு அந்த 850தான் பெரிதாகப் பட்டது.

வீட்டுக்காரர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். வவுச்சர் என்றால் வீட்டை அரசு ஆள் வந்து பார்த்துத் தேற்ற வேண்டும், காகிதம் காகிதமாக எழுத வேண்டும், முதல் மாதப் பணம் தாமதமாக வரும், அதுவரை வீடு சும்மா கிடக்கும். இரண்டு வீடு மட்டுமே வைத்துக் கடன் கட்டும் ஆளுக்கு அது உண்மையான நஷ்டம். அவர் கோபத்தை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அரசின் தாமதத்துக்கான தண்டனையை வரிசையில் நிற்கும் ஏழையிடம் வசூலிக்கக் கூடாது. சட்டமும் அதை ஒப்புக்கொள்வதில்லை.

குடியேறிகளிடம் மறுப்பு மிரட்டலாக வரும். குவீன்ஸில் ஒரு வீட்டுக்காரம்மா, வாடகைதாரப் பெண்ணைக் குடியேற்றத் துறையிடம் பிடித்துக்கொடுப்பதாகக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். 2019 செப்டம்பரில் நிர்வாக நீதிபதி 5,000 டாலர் அபராதமும் அந்தப் பெண்ணுக்கு 12,000 டாலர் இழப்பீடும் பரிந்துரைத்தார். அந்த வழக்கில் சாட்சியமாக நின்றதும் குறுஞ்செய்திகள்தாம்.

தமிழர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது சாதியைப் பற்றி. சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதியைத் தன் சட்டத்தில் சேர்த்தது; அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். நான் வேலை பார்த்த காலத்தில் எங்கள் பட்டியலில் சாதி தனியாக இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டு-லெட் பலகையில் 'சைவம் மட்டும்' பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், நம்மவர்கள் கேட்கும் கேள்வி எப்படி வளைந்து வரும் என்று. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், வீட்டில் கறி சமைப்பதுண்டா. இதற்குச் சோதனை அழைப்பு எழுத நம் மொழியும் நம் தந்திரமும் தெரிந்த ஆள் வேண்டும். சட்டத்தோடு அந்த ஆளையும் நகரம் வேலைக்கு எடுக்க வேண்டும்.

நியூயார்க்கில் உங்கள் உறவினர் யாராவது வீடு தேடிக்கொண்டிருந்தால் இதைச் சொல்லிவையுங்கள். பேசுவதை முடிந்தவரை குறுஞ்செய்தியில் பேசட்டும், ஒன்றையும் அழிக்க வேண்டாம். விளம்பரத்தைப் பார்த்த அன்றே படம் பிடித்துக்கொள்ளட்டும். 311க்குப் போன் செய்து மனித உரிமை ஆணையம் என்று கேட்டு, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லட்டும். செலவு கிடையாது, விசா இருக்கிறதா இல்லையா என்பதும் தடையில்லை. சட்டப்படி ஓராண்டு அவகாசம் உண்டு, ஆனால் வீட்டுக்கு அவ்வளவு நாள் பொறுமை இருக்காது. பதில் வராத அன்றே கூப்பிடுவது நல்லது. புகார் கொடுத்ததற்காக வீட்டுக்காரர் பழிவாங்கினால் அதுவும் தனி வழக்கு.