வெற்றெடை

எடை என்றதும் நாம் ஏற்றிய சுமையைத்தான் நினைக்கிறோம். இறக்கி வைத்தால் குறைந்துவிடும் என்பது நம் கணக்கு. எதையும் ஏற்றாதபோதும் ஒன்றுக்கு இருக்கிற எடை, அது போகிற இடமெல்லாம் தன்னோடு தூக்கிச் செல்ல வேண்டிய எடை, நம் கவனத்துக்கு வருவதில்லை. விமானக்காரர்கள் அதற்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆளும் சரக்கும் எரிபொருளும் ஏறுமுன் விமானத்துக்கு உள்ள எடை அது. வெற்றெடை என்று சொல்லலாம். அலாஸ்காவில் சிறு விமானங்களின் வெற்றெடையைக் குறைக்கச் சிலர் படும் பாட்டைக் கொஞ்ச காலமாக வாசித்து வருகிறேன். விமானம் ஓட்டத் தெரியாத உனக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர் ஒருவர் கேட்டார். எழுதிப் பார்த்தால் விளங்கும் என்று தோன்றியது.

அலாஸ்காவின் பெரும்பாலான ஊர்களுக்குச் சாலை கிடையாது. சாலை எட்டாத அந்த நிலத்தை 'புஷ்' என்கிறார்கள். அங்கே பறப்பவை புஷ் விமானங்கள். ஆற்று மணல்திட்டும் கூழாங்கல் கரையும்தான் பல இடங்களில் ஓடுபாதை. அவற்றில் பெயர்பெற்றது பைப்பர் நிறுவனம் 1949இல் கொண்டுவந்த சூப்பர் கப். எஃகுக் குழாய்ச் சட்டகம், மேலே துணிப் போர்வை, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. ஏறக்குறைய ஒரு மாட்டுவண்டியின் எளிமை.

அதன் கணக்கைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது வெற்றெடை சுமார் 420 கிலோ. தரையை விட்டு எழும்ப அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 794 கிலோ. நிறைந்த எரிபொருள் 98 கிலோ, குளிர்கால உடையில் இருவர் 180 கிலோ என்று கழித்தால், சரக்குக்குத் தொண்ணூறு கிலோ சொச்சம் மிஞ்சும். ஆனால் பல ஆண்டுகள் உழைத்த விமானம் 500 கிலோவை எட்டுவது அரிதல்ல. அப்போது மிஞ்சுவது பதினாறு கிலோ. ஓர் அரிசிச் சிப்பத்துக்குக்கூட இடமில்லை.

இந்த எண்பது கிலோ எப்படி ஏறியது? யாரும் ஒரே நாளில் ஏற்றவில்லை. பழைய வண்ணத்தின் மேல் புது வண்ணம், இன்னொரு வானொலி, குளிருக்கு உள்பூச்சு, கல்லில் இறங்கப் பெரிய பலூன் சக்கரங்கள், அந்தச் சக்கரங்களைத் தாங்க வலுவான கால்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. இறக்கைக்குள் எலி கட்டிய கூட்டுக்கு மட்டும்தான் நியாயமில்லை. அதுவும் எடையில் சேர்ந்துவிடுகிறது.

குறைக்கிற வேலை கிராம் கணக்கில் நடக்கிறது. ஈய மின்கலத்தை எடுத்துவிட்டு லித்தியம் வைத்தால் ஏழெட்டு கிலோ, பழைய ஸ்டார்ட்டரை மாற்றினால் மூன்று நான்கு கிலோ, உலோகச் சுழலிக்குப் பதில் கூட்டுப்பொருள் சுழலி என்றால் மேலும் சில கிலோ. பயன் பெரிது. எடை பத்து சதவீதம் குறைந்தால், சிறகு காற்றின் பிடியை இழக்கும் வேகம் ஏறத்தாழ ஐந்து சதவீதம் குறையும். மேலெழ வேண்டிய தூரம் இருபது சதவீதம் அளவுக்குச் சுருங்கும். குறுகிய மணல்திட்டில் அந்த இருபது சதவீதத்தில் ஓர் உயிர் இருக்கலாம். ஆனால் எடுத்தது எங்கிருந்து என்பதும் முக்கியம். மூக்கில் இருக்கும் சுழலியை இலேசாக்கினால் வால் கனத்துப்போகும். வால் கனத்த விமானம் நிலைகுலைந்தால் மீட்பது கடினம். ஆகவே எதை மாற்றினாலும் எடையையும் அதன் மையத்தையும் திரும்பக் கணக்கிட்டு, அல்லது மூன்று சக்கரங்களையும் மூன்று தராசில் நிறுத்தி நிறுத்துப் பார்த்து, பதிவேட்டில் எழுதியாக வேண்டும்.

ஒரு கோடையில் அங்கே ஆறு இருக்கை விமானம் ஒன்றில் போகும் வாய்ப்புக் கிடைத்தது. விமானி எங்கள் எடையைக் கேட்டார். நாங்கள் சொன்னதைப் புன்னகையோடு கேட்டுக்கொண்டு, ஒவ்வொருவரையும் பையோடு சரக்குத் தராசில் ஏறச் சொன்னார். நான் கொண்டுபோயிருந்த நான்கு தடித்த புத்தகங்களில் மூன்று கரையிலேயே தங்கின. உள்ளே ஏறினால் விரிப்பில்லை, மெத்தையில்லை, வெறும் தகடு. பின்னால் மட்டும் ஆரஞ்சு நிறப் பை ஒன்று இறுகக் கட்டப்பட்டிருந்தது. "அதைக் குறைக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "அதற்காகத்தானே மற்றதையெல்லாம் குறைத்தோம்" என்றார். கோடரி, கத்தி, தீமூட்டி, தூண்டில்முள், கொசுவலை, சில நாள் உணவு. குளிர்காலத்தில் பனிக்காலணியும் தூக்கப்பையும். அலாஸ்காவின் சட்டமே பல்லாண்டுகளாக வலியுறுத்திவந்த பொருள்கள் இவை. பெரும்பாலான விமானிகள் தம் வாழ்நாளில் அந்தப் பையைப் பிரிக்கவே மாட்டார்கள்.

1927இல் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த லிண்ட்பர்க் வானொலியையும் பாராசூட்டையும் வேண்டாமென்றார். வரைபடத்தின் ஓரங்களைக்கூட வெட்டியெறிந்தார். மிச்சம் பிடித்ததெல்லாம் எரிபொருளுக்கு. அது ஒரு முறை பறப்பவரின் கணக்கு. அலாஸ்காக்காரர் நாளையும் பறக்க வேண்டும், நாளை மறுநாளும். எனவே அவர் கேட்கும் கேள்வி வேறு. அடிக்கடி பயன்படுகிறதா என்பதல்ல, இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பது. தினமும் கண்ணில் படும் விரிப்பு போய்விடுகிறது. ஒருநாளும் தொடாத கோடரி இருக்கிறது.

நண்பரின் கேள்விக்கு இதுதான் என் பதிலாக இருக்க முடியும். பழக்கங்கள், பழைய மனத்தாங்கல்கள், எப்போதோ தேவைப்பட்டு இன்று எதற்கென்று தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் எச்சரிக்கைகள் என்று எனக்கும் ஒரு வெற்றெடை உண்டு. புதிதாக ஒருவரின் துயரத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னால் இடமில்லை என்று தோன்றுவது அதனால்தான். எல்லாவற்றையும் உதறிவிடு என்று நம் பெரியவர்கள் சொன்னதுண்டு. எனக்கு அந்தத் துணிவு இல்லை. அந்த விமானிக்கும் இருக்கவில்லை. எது விரிப்பு, எது கோடரி என்று ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்ப்பதுதான் என்னால் ஆகக்கூடியது. அதற்கும் முதலில் தராசில் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது.