கருவாட்டு வாசம்

மக்களே, ஜாலியா ஒரு மொக்கை போடலாம்னுதான் உக்காந்தேன். ஆனா ஒரு மாசமா ஒரு விஷயம் தொண்டையில மீன்முள் மாதிரி நிக்குது. அதை இறக்கிட்டு அப்புறம் மொக்கை போடுறேன். (சம்பந்தப்பட்ட மூணு பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதுறேன். பேர் மட்டும் வேண்டாம்னாங்க.)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2022, நான் பிளஸ் டூ. ஜூலை 28-லேர்ந்து ஆகஸ்ட் 10 வரைக்கும் மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? சென்னையில நேப்பியர் பாலம் முழுக்க கறுப்பு வெள்ளை கட்டம் அடிச்சாங்க. வேட்டி கட்டின குதிரை ஒண்ணு 'தம்பி'ன்னு பேர் வச்சுக்கிட்டு ஊரெல்லாம் கும்பிடு போட்டுச்சு. தூத்துக்குடியில இருந்த எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்துச்சு. போன்ல லிசெஸ் இறக்கினேன். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. காலேஜ் பையனுக்கு வேற என்ன வேணும் சொல்லுங்க.

அங்கதான் இந்த மூணு பேரும் கிடைச்சாங்க. சேலத்து அக்கா, நர்ஸ். நைட் டியூட்டியில டீ குடிக்கிற நேரத்துக்குள்ள ஒரு ஆட்டம் முடிச்சிடுவாங்க. டொரண்டோ அண்ணன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். தோத்தாலும் "வடிவா விளையாடினீர் தம்பி"ன்னு சொல்ற ஒரே மனுஷன். 2024 ஏப்ரல்ல அவர் ஊர்லயே கேண்டிடேட்ஸ் போட்டி நடந்து குகேஷ் ஜெயிச்சப்போ, நேர்ல போய் பார்த்துட்டு வந்து ஒரு வாரம் எங்களைத் தூங்கவிடல. அப்புறம் கும்பகோணத்து சார்.

சாரைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். கூட்டுறவு சங்கத்துல கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவர். சின்ன வயசுல திண்ணையில கத்துக்கிட்ட செஸ்ஸாம். அதுல சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் நகரும், ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவிக்கலாம். அப்புறம் ஏதோ பழைய இங்கிலீஷ் புத்தகம் பார்த்து சர்வதேச விதிகள் கத்துக்கிட்டார். அதனால நாமெல்லாம் ஈ ஃபோர்னு சொல்றதை இன்னிக்கும் 'பி கே ஃபோர்'னுதான் எழுதுவார். அந்த எழுத்துமுறையை உலக செஸ் சம்மேளனம் 1981-லயே கைவிட்டுடுச்சு. சார் விடல. ஆடுற ஒவ்வொரு ஆட்டத்தையும் நீளமான கணக்கு நோட்டுல, நம்பர் போட்டு, தேதி போட்டு எழுதி வச்சிருக்கார். கடைசி காலத்துல ரிசல்ட்.

நாலு பேரும் நேர்ல பார்த்துக்கிட்டது இல்ல. ஆனா நான் இங்கேர்ந்து மக்ரூன் பார்சல் அனுப்பியிருக்கேன், சார் காபித்தூள் அனுப்பியிருக்கார். அக்காவோட அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு ராத்திரி முழுக்க நாங்க மூணு பேரும் மாத்தி மாத்தி அக்காகூட ஆடிக்கிட்டே இருந்தோம். பேச்சே இல்ல, ஆட்டம்தான். அக்கா எல்லாத்துலயும் தோத்தாங்க.

இப்போ கருவாடு. செஸ் ஆடுற கம்ப்யூட்டர் புரோகிராம்ல பெரிய தாதா ஸ்டாக்ஃபிஷ். 2008-ல வந்தது. நார்வேக்காரர் ஒருத்தர் எழுதின புரோகிராமை இத்தாலிக்காரர் ஒருத்தர் எடுத்து வளர்த்ததால, நார்வேயில பிடிச்சு இத்தாலியில சமைக்கிற மீனோட பேரை வச்சாங்க. ஸ்டாக்ஃபிஷ்னா உப்பு போடாம குளிர் காத்துல காயவச்ச மீன். அதாவது கருவாடு! தூத்துக்குடிக்காரன் சும்மா இருப்பேனா? எங்க குழுவுல அதுக்குப் பேர் கருவாடுதான். "கருவாடு என்ன சொல்லுது?"ன்னு கேட்டா, இப்போ யார் ஜெயிக்கிற நிலைமையில இருக்காங்கன்னு அர்த்தம். போன்ல ஓடுற கருவாடே உலக சாம்பியனைத் தோக்கடிக்கும், அப்புறம் நான்லாம் எம்மாத்திரம்.

சார் மட்டும் கருவாட்டைத் தொட மாட்டார். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர்ல குகேஷ் - டிங் லிரென் கடைசி ஆட்டம். நான் காலேஜ் விட்டு பஸ்ல நின்னுக்கிட்டே பார்க்கிறேன். டிங் 55-வது மூவ்ல யானையை நகர்த்தினார். திரையோரத்துல இருக்கிற அந்தக் கோடு சடார்னு கறுப்புப் பக்கம் பாய்ஞ்சுது. நாங்க மூணு பேரும் "ஐயோ போச்சு, ஜெயிச்சுட்டான்"னு கத்திக் கத்தி டைப் பண்றோம். ஏன் ஜெயிக்கிறான்னு எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. கோடு சொல்லுச்சு, அவ்வளவுதான். சார் மட்டும் பதிலே இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு ஒரு மெசேஜ்: "யானையை மாத்தினா பிஷப்பும் மாறியே ஆகணும். அப்புறம் வெறும் சிப்பாய் ஆட்டம். ஒரு சிப்பாய் கூட இருக்கிறவன் ஜெயிப்பான். இப்பத்தான் புரிஞ்சது." அதுக்குள்ள குகேஷ் 18 வயசுல உலக சாம்பியன் ஆகி, அழுது, பேட்டியே கொடுத்துட்டிருந்தான். சாருக்குன்னா அப்பத்தான் ஆட்டம் முடிஞ்சுது.

சரி, மேட்டருக்கு வர்றேன். தள்ளித் தள்ளிப் போட்டாலும் வந்துதானே ஆகணும்.

போன மாசம் ரிசல்ட் வந்துச்சு. முதல் வருஷ பைனான்சியல் அக்கவுண்டிங் அரியர். மூணாவது தடவையும் ஊத்திக்கிச்சு. பி.காம். படிக்கிறவனுக்கு அக்கவுண்ட்ஸ் வரலைன்னா வேற என்னத்தைச் சொல்ல. வீட்ல அப்பா ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தா பரவாயில்ல.

அப்போ சார்கூட ஒரு கரெஸ்பாண்டன்ஸ் ஆட்டம் போயிட்டிருந்துச்சு. ஒரு மூவுக்கு மூணு நாள் அவகாசம். ஓப்பனிங் புத்தகம் பார்த்துக்கலாம், கருவாட்டைக் கேக்கக் கூடாது. அதுதான் விதி. எனக்கு கறுப்புக் காய், 23-வது மூவ், நிலைமை மோசம். சார்கிட்ட கரெஸ்பாண்டன்ஸ்ல நான் ஜெயிச்சதே கிடையாது. ராத்திரி ஒரு மணி. ஏதாவது ஒண்ணுலயாவது ஜெயிக்கணும்னு இருந்துச்சு. வேற காரணம் கிடையாது. பொசிஷனை எடுத்து கருவாட்டுக்கிட்ட காட்டினேன்.

யானையைக் குதிரைக்குக் கொடுன்னு சொல்லுச்சு. பார்க்க முட்டாள்தனமா இருந்துச்சு. போட்டேன். அதுக்கப்புறம் 4 மூவும் அதையே கேட்டேன். 31-வது மூவ்ல சார் ரிசைன் பண்ணிட்டார்.

சந்தோஷம் ஒரு பத்து நிமிஷம் இருந்திருக்கும்.

மூணு நாள் கழிச்சு குழுவுல சார் எழுதினார்: "தம்பியோட அந்த ஆர் டேக்ஸ் என், மரப்பலகையில காய் அடுக்கி மூணு நாளா பார்க்கிறேன். அழகு. எப்படிப்பா தோணுச்சு?" அக்கா ஒரு பக்கம், "டேய், பெரிய ஆளாயிட்ட"ன்னு. அண்ணன் மட்டும், "தம்பி, இது மனுசர் விளையாடுற மூவ் மாதிரித் தெரியேல்லையே"ன்னு எழுதி ஒரு சிரிப்பு பொம்மை போட்டார். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "பிஷப்புக்கு வழி திறக்கும்னு தோணுச்சு சார்"னு ரீல் விட்டேன். அவ்வ்வ்வ். கருவாட்டைக் கேட்டதுகூட ஓகே, அந்த ஒரு வரி எழுதினதை நினைச்சா இப்பவும் கூசுது. பக்கத்து வீட்டுப் பொடியனுக்கு அந்த மூவைச் சொல்லிக் கொடுத்தேன்னு மறுநாள் வேற எழுதினார்.

அதுக்கப்புறம் வந்த ஞாயித்துக்கிழமை, அரியருக்காக சார் போன்ல பாடம் எடுத்தார். என்ன பாடம்னு நினைக்கிறீங்க? ரெக்டிஃபிகேஷன் ஆஃப் எரர்ஸ்! (நான் திட்டம் போட்டு எழுதலீங்க, சிலபஸ் அப்படி.) ட்ரயல் பேலன்ஸ் டாலி ஆகலைன்னா வித்தியாசத்தைத் தற்காலிகமா சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போடுவோம், தப்பைக் கண்டுபிடிச்சதும் அதைத் தீர்த்து மூடுவோம். சார் சொன்னார்: "சங்கத்துல பல பேர் சஸ்பென்ஸ்ல போட்டுட்டு மறந்துடுவான் தம்பி. வருஷா வருஷம் அது பாட்டுக்கு வரும். ஆடிட்டர் வர்றப்போதான் வேர்க்கும்." எனக்கு ஆடிட்டர் வர்றதுக்கு முன்னாடியே வேர்த்துச்சு.

போன்ல சொல்ல வாய் வரல. வச்சிட்டு மெசேஜ்ல சொன்னேன். 23-லேர்ந்து 27 வரைக்கும் என் மூவ் இல்ல சார், கருவாடு. மன்னிச்சிடுங்க.

ரெண்டு நீல டிக் வந்துச்சு. பதில் வரல. ஒரு நாள், ரெண்டு நாள், ஒன்பது நாள். குழுவுல அவர் ஒண்ணுமே எழுதல. சாருக்கு உடம்பு சரியில்லையான்னு அக்கா கேட்டாங்க. நான் அக்காகிட்டயும் அண்ணன்கிட்டயும் தனித்தனியா உண்மையைச் சொன்னேன். அக்கா விட்ட டோஸை இங்க எழுத முடியாது. அண்ணன் "அப்பவே விளங்கினது, நீரே சொல்லுவீர் எண்டுதான் இருந்தனான்"னார். அது டோஸைவிட வலிச்சுது.

பத்தாவது நாள் சார்கிட்டேர்ந்து ஒரு போட்டோ. நோட்டுப் பக்கம். அந்த ஆட்டத்தோட ரிசல்ட் காலத்துல என் வெற்றியை ஒரே கோடா அடிச்சு, பக்கத்துல சிவப்பு மையில 'சஸ்பென்ஸ்'னு எழுதி, சின்னதா கையெழுத்தும் போட்டிருந்தார். சங்கத்துப் பழக்கம் போல. சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. மெசேஜ்ல ஒரு வார்த்தை இல்ல.

அன்னிக்கு சாயந்திரமே லிசெஸ்ல ஒரு சேலஞ்ச் வந்துச்சு. திறந்தா, ஆட்டம் ஆரம்பத்துலேர்ந்து இல்ல. அதே பொசிஷன். என்னோட 23-வது மூவுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே காய் அடுக்கி அனுப்பியிருக்கார். கறுப்பு நகர்த்தணும். மூணு நாள் அவகாசம்.

அக்செப்ட் பண்ணிட்டேன். அங்கதான் சிக்கலே. யானையைக் குதிரைக்குக் கொடுக்கணும்னு எனக்கு இப்போ தெரியும். சாருக்கும் தெரியும். அதைப் போட்டா அது என் மூவா? போடலைன்னா வேணும்னே தோக்கிற நாடகமா? அப்பாகிட்ட பழைய செஸ் போர்டு ஒண்ணு இருந்துச்சு, பரண்லேர்ந்து எடுத்து காய் அடுக்கி வச்சிருக்கேன். ஒரு சிப்பாய் காணோம், அதுக்குப் பதிலா பாட்டில் மூடி. முந்தாநாள்லேர்ந்து பார்க்கிறேன், அந்த யானையைத் தவிர வேற எதுவும் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. நேத்து ராத்திரி ராணிப்பக்கத்து சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிப் பார்த்தேன். மோசமாத்தான் இருக்கு, ஆனா உடனே செத்துடல.

இன்னும் 19 மணி நேரம் இருக்கு. நாளைக்குக் காலையில இன்டர்னல் வேற. இப்போதைக்கு அப்பீட்டு.