கோழிக்கு வெய்யி, குஞ்சுக்கு அது குடுக்கும்

குஞ்சுகளோடு மேய்கிற தாய்க்கோழி ஒரு கரையானைக் கண்டால் அதை உடனே விழுங்கிவிடுவதில்லை. அலகால் கவ்வும், கீழே போடும், மறுபடி கவ்விப் போடும். தொண்டைக்குள்ளிருந்து தாழ்ந்த குரலில் கொக் கொக் கொக் என்று அவசரமாகக் கூப்பிடும். நாலு பக்கமும் சிதறிக் கிடந்த குஞ்சுகள் ஓடிவந்து அதன் அலகுக்குக் கீழே முண்டும். முந்திய குஞ்சு கரையானோடு ஓட, மற்றவை அதைத் துரத்த, தாய் அதற்குள் அடுத்த இடத்தைக் கிளறத் தொடங்கியிருக்கும். குஞ்சுகளை நடத்திக்கொண்டு திரியும் வாரங்களில் தாய்க்கோழி இளைத்துப்போவதைக் கோழி வளர்த்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

இங்கிலாந்தில் நிக்கல், போப் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கூப்பாட்டைச் சோதித்துப் பார்த்து 1996இல் எழுதினார்கள். ஒரு நிறத் தீனி நல்லது, இன்னொரு நிறத் தீனி வாய்க்கு ஆகாதது என்று முதலில் கோழிகளைப் பழக்கினார்கள். பிறகு, அந்த ஆகாத நிறத் தீனியைக் குஞ்சுகள் தின்பதைத் தாய் பார்க்கும்படி செய்தார்கள். குஞ்சுகளுக்கு வைத்தது உண்மையில் நல்ல தீனிதான், நிறம்தான் வேறு. தாய்க்கு அது தெரியாது. தன் பிள்ளைகள் தப்பானதைத் தின்கின்றன என்று எண்ணி, தரையைக் கிளறுவதையும் கொத்திக் காட்டுவதையும் அது அதிகமாக்கியது. குஞ்சு எதைத் தின்கிறது என்பதைக் கவனித்து, அதற்கேற்ப நடந்துகொள்கிறது தாய்.

என் ஆயா இதை வேறு விதமாகச் சொல்லுவார். பென்னாகரம் பக்கத்துக் கொல்லைமேட்டு வீட்டில், பஞ்சாரத்தைத் தூக்கியதும் நொய்யை வாரி நேராகக் குஞ்சுகள்மேல் இறைக்கப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார். "குஞ்சுக்கு எறைக்காத கண்ணு. கோழிக்கு முன்னாடி வெய்யி, குஞ்சுக்கு அது குடுக்கும்" என்பார். பொரித்த புதிதில் குஞ்சுக்குத் தீனிக்கும் மணலுக்கும் வித்தியாசம் தெரியாது. சிறியதாக, மின்னுவதாக, அசைவதாக எது இருந்தாலும் கொத்தும். ஓட்டை உடைத்து வெளியே வருமுன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளுக்கு அதைத் தாங்குகிறது. அந்த இடைவெளிதான் அதன் பள்ளிக்கூடம். எது தீனி, எது குப்பை, எதைத் தொடக் கூடாது என்பதெல்லாம் தாயின் குரல் வழியாகவும் அலகின் வழியாகவும் அதற்குள் போகிறது. ஆகவே நாம் ஆசையாக வைக்கும் ஒரு வாய் தீனி அந்தக் குரலோடு போய்ச் சேர்ந்தால்தான் அதற்கு முழுப் பயன்.

என்ன வைப்பது? தருமபுரி மாவட்டத்தில் இதற்குப் பதில் மண்ணிலேயே இருந்தது. மானாவாரி நிலம், கேழ்வரகு, சாமை, கொள்ளு, நிலக்கடலை. சித்தேரி மலையில் சாமை புடைக்கும்போது சிதறுகிற நொய்யும் உமியும் கோழிக்குத்தான். ஆனால் தானியம் மட்டும் குஞ்சை வளர்க்காது. கேழ்வரகிலும் அரிசி நொய்யிலும் புரதம் நூற்றுக்கு 7 பங்கு அளவில்தான் இருக்கிறது. முதல் வாரங்களில் குஞ்சின் தீனியில் 20 பங்கு அளவுக்குப் புரதம் வேண்டும். சதையும் புரதம், இறகும் புரதம். பிறந்த சில வாரங்களுக்குள் மென்மயிரை உதிர்த்து முழு இறகு கட்ட வேண்டிய உயிருக்கு வெறும் நொய் எப்படிப் போதும்? அந்தக் குறையை நிரப்பியது கரையான்.

கரையான் பிடிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பானையே வீட்டில் இல்லாத தலைமுறை வந்துவிட்டது. விளிம்பு உடைந்த பழைய மண்பானை ஒன்று. அதற்குள் காய்ந்த சாணம், கிழிந்த கோணிச் சாக்கு, கொஞ்சம் வைக்கோல் அல்லது கேழ்வரகுத் தாள். எல்லாவற்றையும் தண்ணீர் தெளித்து நனைத்துத் திணித்து, பொழுது சாய்கிற நேரத்தில், வேலியோரமாகக் கரையான் நடமாடும் இடம் பார்த்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஈரமும் இருட்டும் நாரும் சேர்ந்தால் கரையான் ராத்திரியிலேயே ஏறிவிடும். விடிந்தவுடன் எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் மண்ணுக்குள் இறங்கிவிடும், தாமதித்தால் எறும்பு வந்துவிடும். பானையை நிமிர்த்தி, கோணியைக் கோழிக்கு முன்னால் உதறினால் போதும். மற்றதைத் தாய் பார்த்துக்கொள்ளும். வீட்டுச் சுவரோரம் கரையான் மருந்து ஊற்றியிருந்தால் அந்தப் பக்கம் பானை வைக்கவே கூடாது. மருந்து குடித்த கரையான் குஞ்சைக் கொன்றுவிடும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ, புர்கினா பாசோ நாடுகளின் சிறு விவசாயிகளும் இதே போலப் பானையைக் கவிழ்த்து வைத்துத்தான் குஞ்சுகளுக்குக் கரையான் பிடிக்கிறார்கள். அங்கும் வறண்ட மண், அங்கும் விலைக்கு வாங்க முடியாத தீவனம். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்த ஏழைக் குடியானவர்கள், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் ஒரே பானைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமிதமாக இருக்கிறது.

மழை விட்ட ராத்திரியில் ஈசல் கிளம்பினால் மனிதருக்கும் பங்கு உண்டு. வறுத்துப் பொரியோடு கலந்து தின்றதுபோக மிஞ்சியது காலையில் கோழிக்கு.

இப்போது தாயில்லாத குஞ்சுகளின் காலம். இயந்திரத்தில் 21 நாளில் பொரித்து, அட்டைப்பெட்டியில் அடைத்து, பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார்கள். மஞ்சள் கரு கொடுத்த இரண்டு மூன்று நாள் தெம்பை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. தெருவில் பழைய இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாற்றாகப் பச்சையும் ரோஜா நிறமுமாகச் சாயம் பூசிய குஞ்சுகள் வருகின்றன. பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள், பண்ணைக்கு வேண்டாதவை. அவற்றுக்குக் கொக் கொக் என்று கூப்பிட யாரும் இல்லை. அந்தக் குஞ்சை வாங்குகிற வீட்டில் யாராவது தாயாக வேண்டும், பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான் ஆகிறது.

அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது முதலில் சூடு. முதல் வாரம் குஞ்சைச் சுற்றி 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மார்கழிக் குளிரில் நடுங்குகிற குஞ்சு எந்தத் தின்பண்டத்தையும் தொடாது. அடுத்தது விரல். காகிதத்தில் குஞ்சுத் தீவனத்தைப் பரப்பி, விரல் நுனியால் டக் டக்கென்று தட்டினால் குஞ்சு ஓடிவந்து தட்டிய இடத்தில் கொத்தும். தாயின் அலகு செய்கிற வேலையை அந்தச் சின்ன விரல் செய்துவிடும். இதைச் செய்யும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அன்பு மிகுந்துபோகும் இடத்தில்தான் எனக்குக் கவலை. தான் தின்கிற மிக்சரையும் முறுக்கையும் பிள்ளை பங்கு வைக்கும். அதில் உள்ள உப்பு குஞ்சின் உடம்புக்குத் தாங்காது. வெல்லம் கொடுக்கும். கடத்தூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற ஊர்களில் அது கைக்கெட்டும் பொருள். நெடுந்தூரம் பெட்டியில் வந்து துவண்ட குஞ்சுக்கு முதல் நாள் வெல்லத் தண்ணீர் தெம்பு தரும், சரி. ஆனால் தினமும் ஆசைக்காகக் கொடுப்பதில் குஞ்சுக்கு ஒரு சுகமும் இல்லை. பாலூட்டிகளிடம் இனிப்பை உணரவைக்கும் மரபணு ஒன்று கோழியிடம் இல்லை. அந்த இனிப்பு முழுவதும் நம்முடைய சந்தோஷம்தான்.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது பூசணம் பிடித்த நிலக்கடலை. நனைந்து கறுத்த கடலையை "நமக்கு ஆகாது, கோழிக்காவது போடு" என்று கொட்டுவது நம் ஊர்ப் பழக்கம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள், பெரும்பாலும் குஞ்சுகள், காரணம் தெரியாமல் செத்தன. தேடிப்போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூசண நஞ்சு இருந்தது தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகுதான் உலகத்துக்குத் தெரிய வந்தது. நாம் தின்னக் கூசுகிற கடலை குஞ்சின் ஈரலை நம்மைவிடச் சீக்கிரம் தின்றுவிடும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை: சில நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுக்கு மேல் எதையும் வைக்கக் கூடாது. கழுத்தடியில் உள்ள தீனிப்பை நொய்யால் நிறைந்துவிட்டால் குஞ்சுத் தீவனத்துக்கு இடமில்லை. தானியம் வைத்தால் கூடவே பொடி மணலும் வேண்டும். பல் இல்லாத உயிர் வயிற்றுக்குள்தான் அரைத்துக்கொள்கிறது.

இத்தனை பாடும் ஒரு வெள்ளைக் கழிச்சலில் அடியோடு போய்விடும். ஒரு வீட்டில் வந்தால் தெருவையே காலி செய்கிற நோய் அது. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாவது வாரம் ஓர் ஊசி. முற்றத்துக் கோழிகளுக்காகத் தீனியோடு தின்னக் கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. மருந்தே தீனியாக வந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நல்லம்பள்ளி செவ்வாய்ச் சந்தையில் இரண்டு விடைக்கோழியை விற்றுப் பிள்ளைக்கு நோட்டு வாங்குகிற பெண்ணுக்கு அதன் அருமை தெரியும். அந்தக் காசுக்கு அவள் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குஞ்சு வளர்ப்புப் பயிற்சிகள் இன்று எத்தனையோ இடங்களில் நடக்கின்றன. மாவட்டத்திலேயே பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கரையான் பானை வைக்கத் தெரிந்த பெண்கள் ஏரியூர்ப் பக்கமும் சித்தேரி மலையிலும் இன்னும் இருக்கிறார்கள். எந்த மண்ணில் ஏறும், எந்த மாதத்தில் ஏறாது, எத்தனை நாள் குஞ்சுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. பயிற்சி நடத்துகிறவர்கள் யாராக இருந்தாலும் அந்தப் பெண்களை வகுப்பெடுக்க அழைக்க வேண்டும், அன்றைய கூலியும் பஸ் காசும் கொடுத்து.