முதல் நாள் எழுத்து

தஞ்சைத் தரணியில் பிறந்தோர்க்குச் சூன் திங்கள் இரு திறப்புகளை உடையது. ஒன்று மேட்டூர் அணையின் திறப்பு. மற்றொன்று பள்ளிக்கூடத்தின் திறப்பு. குறுவைக்கு நாற்று விட விழையும் உழவர் சூன் 12ஆம் நாளை எண்ணிக் காத்திருப்பர். அவர்தம் மக்களோ புதுச் சிலேட்டையும் பல்பத்தையும் எண்ணிக் காத்திருப்பர்.

யாம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1985ஆம் ஆண்டு சூன் திங்களில். வெண்ணாற்றங்கரையிலுள்ள எம் சிற்றூரில் அன்றிருந்த பள்ளி, கத்தோலிக்கக் கன்னியர் நடத்திவந்த அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளி. ‘புள்ள சிலுவை போடக் கத்துக்கிட்டு வந்து நிக்கப் போறான், ரெண்டு மைல் நடந்தாலும் பக்கத்து ஊருப் பள்ளிக்கூடமே மேல்’ என்று உறவினர் சிலர் எம் அத்தாவை எச்சரித்தனர். நெல் அரைவை ஆலையில் கணக்கெழுதிய அத்தா அதிகம் பேசாதவர். ‘ஓத வேண்டியத மதரஸாவுல ஓதட்டும், படிக்க வேண்டியத அங்க படிக்கட்டும்’ என்பதோடு முடித்துக்கொண்டார்.

வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடச்செவியைத் தொடச் சொன்னார்கள். தொட்டோம், வயது ஐந்து என்பது உறுதியாயிற்று. ஓட்டுக் கூரையின்கீழ்ச் சாணம் மெழுகிய தரையில் நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அமர்ந்திருந்தோம். சுவரில் மாதாவின் படம். அதன் பக்கத்தில் உயிரெழுத்து அட்டை. நடவாட்களின் பிள்ளைகள், கடைக்காரர் பிள்ளைகள், எம்மைப் போன்ற இசுலாமியப் பிள்ளைகள் நால்வர்.

எழுதத் தொடங்குமுன் கிறித்தவப் பிள்ளைகள் சிலுவை அடையாளம் வரைந்து கொண்டனர். எதையும் ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லித் தொடங்குமாறு எம் நன்னியார் பழக்கியிருந்தமையால், யாம் அதனை வாய்க்குள் மொழிந்தோம். அருகிருந்த சிறுவன் எழுந்து, ‘சிஸ்டர்! இவன் என்னமோ முணுமுணுக்கிறான்’ என்று முறையிட்டான். எமக்கு உடல் நடுங்கிற்று. அருட்சகோதரியார் எம்முன் குந்தி அமர்ந்து வினவினார். தயங்கித் தயங்கிச் சொன்னோம்.

‘வீட்டுல அப்படித்தான் ஆரம்பிக்கச் சொன்னாங்களா? நல்லது. தினமும் அதைச் சொல்லியே ஆரம்பி. ஆனா, எழுத்து கோட்டுக்குள்ள நிக்கணும்’ என்றார்.

ஐந்தாண்டும் அவ்வண்ணமே தொடங்கினோம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கும் வேளையில் ஏனையோர்க்கு நீதிபோதனை நடந்தது. நண்பகலில் 1982ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சத்துணவுத் திட்டத்தின் சோற்றை அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டோம். உறவினர் அஞ்சியது எதுவும் நிகழவில்லை. ஒரே ஒரு பூசல் எழுந்தது. அதுவும் எழுத்தைப் பற்றியது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தின்படி யாம் கற்று வந்த ‘லை’யைக் கண்ட அத்தா, யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த தம் பழைய ‘லை’யே அழகென்று வாதிட்டார்!

பின்னாளில் தமிழ் பயின்றபோதுதான் மற்றோர் உண்மை விளங்கிற்று. பழைய மரபில் எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும். நெடில்கள் புள்ளி பெறா. ஓலையில் புள்ளியிடாது எழுதும் வழக்கத்தால் குறிலும் நெடிலும் மயங்கின. அம்மயக்கத்தை நீக்க, ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவும், ‘கே’ போன்றவற்றிற்கு இரட்டைச் சுழிக்கொம்பும் அமைத்தவர் வீரமாமுனிவர் (1680–1747). கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து தேம்பாவணி பாடிய அவ்வித்தாலியத் துறவியின் ஏகாரத்தை, அவர் சமயத்துக் கன்னியர் பள்ளியில், பிஸ்மி சொல்லி எழுதிப் பழகியிருக்கிறோம்! சீறாப்புராணத்தையும் தேம்பாவணியையும் ஒருசேர நடத்தும் பேறு இன்று எமக்கு வாய்த்திருப்பதற்கு வித்து அங்கேதான் ஊன்றப்பட்டது.

இவ்வளவும் அறிந்த யாம் செய்தது யாது? 2015ஆம் ஆண்டு எம் மூத்த மகனை நகரத்து ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்தோம். வகுப்பறையில் தாய்மொழிக் கல்வியின் மேன்மையை விளக்கிவிட்டு, மாலையில் அப்பள்ளியின் பேருந்துக்குக் காத்து நின்றோம்.

2024ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் பள்ளிகள் திறந்தன. பழைய மாணவர் என்ற முறையில், புதிய பிள்ளைகளின் கைப்பிடித்து முதலெழுத்து எழுதுவிக்குமாறு எம் பள்ளித் தலைமையாசிரியை அழைத்திருந்தார். நீர் இருப்புக் குறைவால் மேட்டூர் அணை அவ்வாண்டு உரிய நாளில் திறக்கப்படவில்லை. சூலை 28ஆம் நாளே திறந்தது. வெண்ணாறு மணலாய்க் கிடந்தது. பள்ளியிலும் அதே வறட்சி. ஒன்றாம் வகுப்பில் எழுவர். பள்ளி முழுமைக்கும் ஐம்பதுக்கும் குறைவு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள்வரை இரண்டே ஆசிரியர். அரசுப் பள்ளிகளுக்கு வந்துவிட்ட காலை உணவும் அன்று அங்கு வந்திருக்கவில்லை. ஊரக உதவிபெறும் பள்ளிகளுக்கு அது சூலை 15ஆம் நாளே விரிவாயிற்று.

எழுவருள் ஒரு சிறுமியின் தாய், வயல் வேலைக்குச் செல்பவர், எம்மை வணங்கிக் கேட்டார்: ‘சார், ஒங்க புள்ளையும் இங்கதான் படிச்சிச்சா?’

‘இல்லை’ என்றோம். ‘சரிங்க சார்’ என்றார் அவ்வம்மையார். அச்சொல்லில் ஏளனம் இல்லை. இருந்திருப்பின் எமக்குச் சற்று ஆறுதலாய் இருந்திருக்கும். அச்சிறுமியின் கைப்பிடித்து ‘அ’ எழுதுகையில் எம் கையே கோட்டைத் தாண்டிற்று.

எம் இளைய மகளை 2025ஆம் ஆண்டு சூனில் அப்பள்ளியிலேயே சேர்த்தோம். உறவினர் இம்முறையும் எச்சரித்தனர்: ‘தமிழ் மீடியத்துல போட்டுப் புள்ளையக் கெடுக்கப் போறீங்களா?’ அன்று சிலுவைக்கு அஞ்சினர். இன்று தமிழுக்கு அஞ்சுகின்றனர். அத்தா இருந்திருப்பின் ஒரு வரியில் முடித்திருப்பார். யாம் நெடுநேரம் பேச வேண்டியதாயிற்று.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் பெற்றோர் ஆவீர்கள். சிலர் ஆசிரியரும் ஆவீர்கள். மேடையில் தமிழை வாழ்த்துவது எளிது. உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் முதலெழுத்தை எழுதுகிறது என்று ஒரு தாய் வினவும்போது, தலைநிமிர்ந்து விடை சொல்லும் நிலையில் இருங்கள். அவ்வாண்டு அணை சூன் 12ஆம் நாளே திறந்தது. வெண்ணாற்றில் நீர் வந்த அன்று, எம் மகள் பிஸ்மி சொல்லி ஏகாரம் எழுதிக் காட்டினாள். எழுத்து கோட்டுக்குள் நின்றது.