தர்மத்தைக் காப்பது யார்?

தர்மம் தலைகாக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தர்மத்தைக் காப்பது யார் என்னும் கேள்வியோ, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் வாழும் நமக்கு அண்மையிலேதான் எழுந்தது.

அன்பர் ஒருவர் பிள்ளைகளின் படிப்புக்கென ஒரு தொகையை உள்ளூர்ச் சங்கமொன்றிடம் ஒப்படைத்தார். சங்கத்தாரோ அதனைக் கோயில் மண்டபத்திற் செலவிட்டனர். அன்பர் வழக்கறிஞரை நாடினார். பத்திரிகையின் கருத்துப் பகுதியில் வாரந்தோறும் கடிதங்கள் வெளிவந்தன. “கொடுத்தபின் கணக்குக் கேட்பது அழகா?” என்றார் ஒருவர். “கேளாமல் நோக்கத்தை மாற்றுவது நீதியா?” என்றார் மற்றொருவர். படிப்பதற்குச் சுவையாகத்தான் இருந்தது. ஆனால், பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் பெறும் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சிறு தொகை கொடுத்துவந்த லயத்துப் பெண்கள் கையை மூடிக்கொண்டனர். உண்மையான நட்டம் அதுவே.

இத்தகைய வழக்கு தமிழருக்குப் புதிதன்று. சென்னையிற் பெருஞ்செல்வம் ஈட்டிய பச்சையப்ப முதலியார், சிதம்பரம், காஞ்சிபுரம் முதலிய தலங்களின் அறப்பணிகளுக்கென உயில் எழுதிவைத்து 1794 ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் எண்ணியபடி அறம் நடைபெறவில்லை. வழக்கு நெடுங்காலம் நீண்டது. சென்னை உச்ச நீதிமன்றத்தில் அட்வகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் முயன்று, அப்பணத்தை மீட்க வழிசெய்தார். கோயிற் கட்டளைகள் போக எஞ்சிய தொகையிலிருந்து, 1842 இல் பச்சையப்பர் பெயரால் பள்ளிக்கூடம் எழுந்தது. கொடையாளி மறைந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன! ஆயினும் எழுத்தில் இருந்த உயிலே அப்பணத்தைக் காத்தது. வாய்ச்சொல்லாக இருந்திருப்பின் என்னாகியிருக்கும்?

இலங்கையிலும் இதற்கு வழியுண்டு. 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம், வழிபாட்டுத் தலமொன்றின் சொத்து முறைகேடாக ஆளப்படுமாயின், அதில் அக்கறையுள்ள ஐவர் சேர்ந்து வழக்குத் தொடர இடமளிக்கின்றது. முதலில் அரசாங்க அதிபரிடம் விண்ணப்பித்து விசாரணை கோருதல் வேண்டும். ஐந்து தொழிலாளர் கூடினாலும் போதும். பெருந்தனவந்தராய் இருத்தல் வேண்டியதில்லை.

பத்திரிகையின் பணியை நாம் குறைத்துக் கூறவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை ஊரறியக் கேட்பது அதன் கடமை. எனினும், தீர்ப்புக் கூறும் இடம் அதுவன்று. நீதிமன்றம் ஆவணத்தைப் பார்க்கும். கடிதம் எழுதுவோர் பெரும்பாலும் ஆளைத்தான் பார்க்கின்றனர்.

ஆகவே, கொடுப்போர் இன்ன காரியத்துக்கென்று எழுதிக் கொடுக்கட்டும். பெறுவோர் சம்பள நாளன்று பிரட்டுக்களத்தில் வரவு செலவை உரக்கப் படிக்கட்டும். எழுத்தறியாத பாட்டியும் தான் கொடுத்த பத்து ரூபாய் எங்கே சென்றதென்று காதால் கேட்கட்டும். மூடிய கைகள் மீண்டும் விரிவதற்கு வேறு உபாயம் நமக்குத் தோன்றவில்லை.